டிக் போடாத பதினொரு பேர்

சிறுவயதில் வீட்டில் எனக்குப் பெயர் சி.ஐ.டி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்தரோடு சரி. டப்பாவில் முறுக்கு குறைந்திருந்தால் தம்பியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று கேட்டுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். அப்பா பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், எந்த ரயில், ஏன் அதற்கு முந்தின ரயில் இல்லை என்று வாசலிலேயே விசாரணை தொடங்கிவிடும். "இத எவன் கட்டிக்கப் போறானோ, பாவம்" என்பாள் அம்மா. கட்டிக்கொண்டவர் இன்றுவரை பாவம்தான்.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மாதம் வரை. அப்போது எனக்குப் பத்து வயது.

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் வழியில் எங்கள் வீடு. முன்னறை அத்தையுடையது. அத்தை அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். மற்ற டீச்சர்கள் நகைச்சீட்டுப் போட்டால் அத்தை ரேடியோ வாங்குவார். அந்த வருஷங்களில் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. கிளம்புமுன் வீட்டுச் சாமான்களை வாசலில் போட்டு விற்பார்கள். ஊரார் அலமாரிக்கும் கட்டிலுக்கும் பேரம் பேசுவார்கள். அத்தை நேரே மூலையில் கிடக்கும் பழைய வால்வு ரேடியோவிடம் போய், பின்பக்க அட்டையைக் கழற்றி உள்ளே பார்ப்பார்.

இப்படி நான்கு சேர்ந்திருந்தன. வாங்கின ஊரையே பெயராக வைத்திருந்தோம். பல்லாவரம் தேக்குப் பெட்டி, ஸ்டேஷன் சரியாக விழுந்தால் நெற்றியில் விளக்காக எரிகிற ஒரு பச்சைக் கண் குறுகும். பரங்கிமலைக்குத் தொண்டை சரியில்லை, கர்நாடக சங்கீதம் வைத்தாலும் ஜலதோஷத்தோடு பாடும். பெரம்பூர் சூடேற அஞ்சு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். நான்காவதற்கு ஊர் கிடையாது. அது மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்தார் கழித்துவிட்ட டிஸ்போசல் செட், இரும்புப் பெட்டி, பாசி நிறம், பெயர் பச்சையன். காற்றில் எங்கோ இருக்கிற குரலை மற்ற மூன்றும் தேடும், பச்சையன் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். மாடியிலிருந்து தென்னைமரம் வரை செம்புக் கம்பி கட்டியிருந்தது, அதுதான் ஏரியல். எர்த் கம்பி கொல்லையில் புதைத்திருக்கும் இடத்தில் தினம் சாயங்காலம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது என் வேலை. மண் ஈரமாக இருந்தால்தான் குரல் தெளிவாக வருமாம்.

பாட்டுக்காக அத்தை ரேடியோ கேட்டதில்லை. அது அம்மாவுக்கு ஒரு குறை. விடியற்காலையிலும் சாயங்காலமும் எந்த நாட்டு ஸ்டேஷனாவது வரும்வரை முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். வந்தால் நோட்டில் எழுதுவார். எத்தனை மணிக்குக் கேட்டது, எவ்வளவு தெளிவு என்றெல்லாம் அந்த ஸ்டேஷனுக்கே கடிதம் போடுவார். அவர்களும் நன்றி சொல்லிப் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். ஸ்டாம்பைக் கிழித்து எனக்குக் கொடுத்துவிடுவார். வாயை அடைக்கக் கொடுக்கிற லஞ்சம் என்று அப்போதே எனக்கு ஒரு எண்ணம்.

அம்மாவின் எண்ணம் வேறு. நாற்பது வயதுப் பெண்ணுக்கு மாதா மாதம் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் யார் கடிதம் போடுவார்கள்? அப்பாவிடம் ஜாடையாகக் கேட்பாள். "அக்கா விஷயத்துல தலையிடாத" என்று அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

அந்த டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. எங்களுக்கு அது எதிர்வீட்டு டி.டி.ஆர். சாரின் சண்டை. அவர் ராயபுரத்துக்காரர், முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ரிட்டயர் ஆனவர். உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாமல்தான் பிரயாணம் செய்கிறார்கள் என்பது அவர் முடிவு. விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருந்ததால் முதல் குண்டு நம் தெருவில்தான் என்று எல்லோரையும் பயமுறுத்தி, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னல் கண்ணாடிகளில் பிரவுன் பேப்பர் ஒட்ட வைத்தார். கழுத்தில் விசில், கையில் நீலக் காகிதம் சுற்றிய டார்ச். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் பல்பு போடக்கூடாது என்றார். பத்து நாளுக்கு மேல் தாண்டி, சண்டை நின்றுவிட்டது என்று பேப்பரில் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. எதிரி நம்மை ஏமாற்றப் பார்க்கிறான் என்றார்.

தெருப் பிள்ளைகளை அழைத்து அவர் ஒரு கூட்டம் போட்டார். என்னிடம் தனியாகச் சொன்னார், "இன்னா பாப்பா, நீதான் ஷார்ப்பான பொண்ணு. சந்தேகமா எது கீதோ, டைம் போட்டு எய்திகினு வந்து எங்கையில குடு. சும்மா வாயால சொன்னா கேஸ் நிக்காது. பேரு, ஊரு, நம்பரு, எல்லாம் கரீட்டா வோணும்."

என் வாழ்க்கையில் என் சந்தேக புத்தியை மெச்சிய முதல் மனிதர் அவர். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். தெருவில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் எங்கள் முன்னறையில்தான்.

முதலாவது, எப்போதும் திறந்து கிடக்கும் கதவை அத்தை சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்தத் தொடங்கினார். இரண்டாவது, பச்சையனை ஹெட்போன் போட்டுக் கேட்டார், வெளியே சத்தமே வராது. மூன்றாவது, பழைய ரேடியோ நோட்டை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு நோட்டில் எழுதினார், அதைத் தலையணைக்கடியில் வைத்தார். நான்காவது, கிறிஸ்துமஸ் பாவாடை தைக்கக் கொடுக்க என்னைப் பல்லாவரம் அழைத்துப் போனபோது, ஸ்டேஷன் வாசலிலிருந்த தபால்பெட்டியில் ஒரு கட்டு போஸ்ட் கார்டு போட்டார்.

"நம்ம தாம்பரத்துல போடலாமே அத்தை?"

"இங்க போட்டா சீக்கிரம் போகும்" என்றார்.

தாம்பரம் எவ்வளவு பெரிய ஸ்டேஷன். பூகோள டீச்சருக்கு அது தெரியாதா? ரயிலில் திரும்பி வரும்போது அத்தை வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையை, எதிரியின் வேர்க்கடலை என்று தெரிந்தே தின்றேன்.

மறுநாள் மத்தியானம், அரைப்பரீட்சை எழுதிவிட்டு நான் சீக்கிரம் வந்து, அத்தை பள்ளியில் இருந்த நேரத்தில் தலையணையைத் தூக்கினேன். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, ஒரு எண், பக்கத்தில் 1230. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தியது என் நோட்டில் இருக்கிறது, அத்தை எழுதியிருப்பதோ பன்னிரண்டரை. பொய் நேரம். அதற்குக் கீழே இங்கிலீஷில் வரிசையாகப் பெயர்கள். சிப்பாய் இன்னார், லான்ஸ் நாயக் இன்னார், ஹவில்தார் இன்னார் என்று பதவி, பட்டாள நம்பர், தகப்பனார் பெயர், கிராமம், ஜில்லா. எல்லாம் நம் நாட்டுக்காரர்கள். பக்கத்தின் ஓரத்தில் எதிரி நாட்டு ஊர் ஒன்றின் பெயர், அடிக்கோடு போட்டு.

பல பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பதினொரு பேருக்கு இல்லை. டிக் போட்டவர்களைப் பற்றிய தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது, அதுதான் பல்லாவரத்துக் கார்டுக் கட்டு. இந்தப் பதினொரு பேர் இனிமேல் போக வேண்டியவர்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்தது பாதி சரி என்பதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

பேரு, ஊரு, நம்பரு என்று டி.டி.ஆர். சார் சொல்லியிருந்தார். எழுதி எடுத்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் மனப்பாடம் செய்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் பரிசு வாங்குகிறவள் நான். அப்படி வசனம் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அத்தைதான், முதலில் முதல் வார்த்தைகளை மட்டும் படி, பிறகு வரியைப் படி என்று. அதே முறையில் இரண்டு மத்தியானத்தில் பதினொரு பேரும் என் தலைக்குள் வந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். போனவளுக்கு வாய் வரவில்லை. அத்தை ரேடியோ கேட்டு ஏதோ நம்பர் எழுதுகிறார் என்று மட்டும் சொன்னேன். டி.டி.ஆர். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் பாத்துகினுதான் கீறேன். ஒரு ஆளுக்கு நாலு ரேடியோ இன்னாத்துக்கு? மொட்டை மாடில கம்பி வேற. நாளிக்கு காலைல போலீஸ் ஸ்டேஷன் ஏட்டைக் கூட்டினு வரேன். நீ கம்முனு இரு."

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. நான் பிடிக்க நினைத்தது ஒரு ஒற்றரை. ஏட்டு பிடித்துக்கொண்டு போகப்போவது தினமும் காலையில் எனக்குத் தலைவாரிப் பின்னல் போடுகிற அத்தையை. ராத்திரி சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

விடிந்ததும் அத்தை குளிக்கப் போன நேரத்தில் நோட்டை எடுத்தேன். கொல்லையில் வெந்நீர் பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. டிக் போட்ட பக்கங்களால் இனி யாருக்கும் என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, அத்தையை மாட்டிவிடுவதே அவைதானே. பெயர் எழுதிய பக்கம் ஒன்று விடாமல் கிழித்து பாய்லர் வாயில் போட்டேன். காகிதம் சுருண்டு கறுத்தது. பதினொரு பேரையும் எதிரியிடமிருந்து காப்பாற்றிவிட்டேன், அத்தையையும் போலீசிடமிருந்து காப்பாற்றிவிட்டேன். எனக்கு அப்போது இருந்த பெருமையை என்னவென்று சொல்ல. மெடல் கொடுத்தால் எந்தப் பாவாடையில் குத்திக்கொள்வது என்றுகூட யோசித்தேன்.

ஏட்டு பத்து மணிக்கு வந்தார். சனிக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, அவர் சர்க்கார் உத்தியோகம். அத்தை மட்டும் நிதானமாக நான்கு ரேடியோவுக்கும் போஸ்ட் ஆபீஸ் லைசென்ஸ் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் வருஷ முத்திரை சரியாக இருந்தது. ஏட்டு பல்லாவரத்தின் பச்சைக் கண்ணைப் பார்த்து வியந்துபோய், இதில் சிலோன் வருமா என்று கேட்டார். அத்தை வைத்தார். இரண்டு பாட்டு கேட்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "டீச்சரம்மாவைப் போய் இன்னா சார் நீங்க" என்று டி.டி.ஆர். சாரைக் கடிந்துகொண்டு கிளம்பிவிட்டார். டி.டி.ஆர். சாரின் விசில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவர்கள் போனதும் அத்தை அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த நோட்டு, உள்ளே கிழிந்த ஓரங்கள் மட்டும்.

நேரே அம்மாவிடம் போய், "நீ எடுத்தியா?" என்று கேட்டார். கடிதங்கள் மேல் அம்மாவுக்கு இருந்த கண் அத்தைக்குத் தெரியாததா. அம்மா இல்லை என்றாள். அத்தை இன்னொரு தடவை கேட்டார். அம்மா அழத் தொடங்கினாள். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்தார். நான் முறுக்கு மாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், "யார் எடுத்தாலும் போகட்டும் கண்ணு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ அந்த நோட்டை எப்பவாவது பாத்தியா? கடைசிப் பக்கத்துல சில பேரு இருந்துச்சு. நீதான் ஒரு தடவை பாத்தா ஒப்பிப்பியே. ஒண்ணு ரெண்டு ஞாபகம் இருந்தாலும் போதும்."

பதினொன்றும் நாக்கு நுனியில் நின்றன. கேட்டால் நம்பரோடு சொல்லியிருப்பேன். ஆனால் நான் யார், சி.ஐ.டி. அல்லவா. ஒற்றர்கள் இப்படித்தான் கனிவாகக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் இன்று சாயங்காலமே மறுபடி எழுதுவார், பல்லாவரம் போவார், அடுத்த தடவை ஏட்டு காபி குடித்துவிட்டுப் போகமாட்டார்.

"நான் பாக்கவே இல்ல அத்தை" என்றேன்.

அத்தை என் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு எழுந்துபோனார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அத்தை கோயிலுக்கு வரவில்லை. பாடகர் குழுவில் அவர் இடம் காலியாக இருந்ததை ஊரே பார்த்தது. வீட்டில் நான்கு ரேடியோவையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் வைத்து, நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு அறைக்குப் போகும், அப்படியே திரும்பி வரும். இப்போது கதவைச் சாத்தவில்லை, மறைக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பரங்கிமலை கரகரக்க, பெரம்பூர் விசிலடிக்க, அவர் பென்சிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். எர்த் மண்ணுக்கு நான் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றினேனா என்று கேட்பீர்கள். ஊற்றவில்லை. எதிரிக்கு நான் எதற்கு உதவ வேண்டும்?

இன்னும் ஒன்று செய்தேன். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்ற பயத்தில், அந்தப் பெயர்களையெல்லாம் மறக்கடிக்க வேண்டும் ஆண்டவரே என்று தினமும் முழங்காலிட்டு ஜெபம் செய்தேன்.

அத்தையும் அம்மாவும் அதற்குப் பிறகு பல மாதம் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான்.

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு அத்தையின் பள்ளியில் சேர்ந்தேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் டீச்சர்கள் அறைக்குப் போனபோது, அத்தையின் மேஜைக் கண்ணாடிக்கடியில் வரிசையாகப் போஸ்ட் கார்டுகள் இருந்தன. வெளிநாட்டு அட்டைகள் இல்லை, சாதாரண உள்நாட்டுக் கார்டுகள். ஹிந்தியில், மலையாளத்தில், எனக்குத் தெரியாத எழுத்தில். ஒன்று மட்டும் கோணல்மாணலான இங்கிலீஷ், பஞ்சாபில் ஏதோ கிராமத்துப் பள்ளி வாத்தியார் யாருக்காகவோ எழுதியது. 'எங்கள் மகன் உயிரோடு சிறைப்பட்டிருக்கிறான் என்று உங்கள் கார்டு வந்த அன்றுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.'

இரண்டு தடவை படித்தேன். அத்தை சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார். பிடிபட்ட நம் சிப்பாய்களின் பெயர்களை அந்த நாட்டு ஸ்டேஷன் தினமும் ஆறு மணிக்கு வாசித்ததாம். அவர்கள் ஸ்டேஷனைக் கேட்பதே தேசத்துரோகம் என்று ஊர் பேசிய நேரம், அப்பாவின் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று ரகசியமாகக் கேட்டாராம். நம் தெருத் தபால்காரர் எல்லாக் கார்டையும் படித்துவிடுவார் என்பதால் பல்லாவரம். 1230 என்பது உலகத்து ரேடியோக்காரர்கள் எல்லோரும் எழுதுகிற லண்டன் நேரம், நம்மைவிட அஞ்சரை மணி பின்னால்.

"கார்டு போடறதுக்குள்ள பதினொரு பேர் போயிடுச்சு" என்றார். "அப்புறம் உக்காந்து உக்காந்து கேட்டேன். எட்டுப் பேரைத் திருப்பி வாசிச்சான், கேட்டதும் ஞாபகம் வந்துச்சு. மூணு பேரை வாசிக்கவே இல்ல."

"அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சிருக்காதா அத்தை?"

"தெரிஞ்சிருக்கும். கவர்மெண்ட் லெட்டர் போயிருக்கும், ரெண்டு மாசமோ மூணு மாசமோ கழிச்சு. அதுவரைக்கும் ஒரு அம்மா என்ன பாடு பட்டிருப்பா, சொல்லு."

நான் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை. திரும்ப வாசித்த எட்டுப் பேர் யார் யார் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, கேட்டால் உனக்கு எதற்கு அது என்று கிளறுவார். அத்தை சாகும்வரை அம்மாதான் கிழித்தாள் என்று நினைத்திருந்தார். அம்மாவும் சாகும்வரை, செய்யாத தப்புக்குப் பழி சுமந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் ஜெபம் மட்டும் பலித்தது. அந்தப் பள்ளி வருஷம் முடிவதற்குள் ஒவ்வொரு பெயராக மங்கிப் போய்விட்டது. இப்போது எவ்வளவு முயன்றாலும் பத்துப் பேர் திரும்பி வருவதில்லை. ஒருவர் மட்டும் போகவில்லை. பட்டியலில் முதல் பெயர், அத்தை சொல்லிக்கொடுத்த முறையில் நான் முதலில் படித்தது. லான்ஸ் நாயக் குஞ்ஞிராமன், தகப்பனார் சங்கரன், கொல்லங்கோடு, பாலக்காடு ஜில்லா. அவர் அந்த எட்டுப் பேரில் ஒருவரா, மூன்று பேரில் ஒருவரா என்று எனக்குத் தெரியாது.